கதை ஒன்று, பிரதி வேறு: வீடியோ கேம் காமிக்ஸ் வேட்டை குறித்து

1

மேசைமேல் இரண்டு பிரதிகள் கிடக்கின்றன. இரண்டுமே அமெரிக்காவின் டி.சி. நிறுவனம் 1984 ஜனவரி தேதியிட்டு வெளியிட்ட 'அட்டாரி ஃபோர்ஸ்' முதல் இதழ். அதே அட்டைப்படம், அதே கதை, அதே தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் பார்த்தாலும் ஒரு சொல்லில்கூட மாற்றமில்லை. ஆனால் காமிக்ஸ் சேகரிப்பவரைக் கேட்டால் 'ரெண்டும் ஒண்ணில்லை' என்பார். அட்டையின் மூலையில் இருக்கிற சின்னக் கட்டத்தைக் காட்டுவார். ஒன்றில் பார்கோடு இருக்கிறது. இன்னொன்றில் இல்லை. அவ்வளவுதான். இந்த ஓர் அங்குலத்துக்காக மனுஷர் வருஷக்கணக்கில் அலைகிறார், கூடுதல் காசும் கொடுக்கிறார்.

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த 'பாடபேதம்' வேறு மாதிரியானது. ஏடு பெயர்த்து எழுதியவர் கண்ணயர்ந்த இடத்தில் ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து சொல்லை மாற்றும், சொல் பொருளை மாற்றும். உ.வே.சாமிநாதையர் போன்ற ஒரு பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, எது கொள்ளத்தக்க பாடம் என்று தீர்மானிப்பார். அங்கே வித்தியாசம் பிரதிக்குள்ளே, சொல்லில் இருக்கிறது. காமிக்ஸ் உலகில் 'வேரியன்ட்' என்று சொல்லப்படுவதில் சொல் அப்படியே இருக்க, வித்தியாசம் பெரும்பாலும் பிரதியின் தோலில் இருக்கிறது. ஜெரார் ழெனெத் 1987இல் எழுதிய நூலில் தலைப்பு, அட்டை, முன்னுரை, பதிப்பகத்தின் பெயர் போன்றவற்றையெல்லாம் பிரதியின் வாசற்படிகள் என்று சொல்லி ஆராய்ந்திருக்கிறார். காமிக்ஸ் சேகரிப்பாளர் ழெனெத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் வாழ்வதே வாசற்படியில்தான்.

அந்த வாசற்படி எதைச் சொல்கிறது? இந்தப் பிரதி எந்த வழியாக, எப்படிப்பட்ட கைக்குப் போய்ச்சேர அச்சடிக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. ஆக, ஒவ்வொரு வேற்றுப்பிரதியும் ஒரு வழித்தடத்தின் தடயம். அரிய பிரதியைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் கதையைவிட அந்த வழித்தடத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு எப்படி நடக்கிறது என்பது பற்றியது. கூடவே, அது எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது பற்றியும்.

2

முதலில் இந்தக் காமிக்ஸ்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்துவிடலாம். 1976இல் அட்டாரி நிறுவனத்தை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வாங்கியது. டி.சி. காமிக்ஸும் அதே வார்னர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு கையிடம் வீடியோ கேம், இன்னொரு கையிடம் ஓவியர்களும் கதாசிரியர்களும். அந்நாளைய கேம் திரையில் தெரிந்ததெல்லாம் சில சதுரங்களும் கோடுகளும்தான். ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தைச் சுட்டது. சுடுகிறவன் யார், எதற்காகச் சுடுகிறான் என்பதற்குத் திரையில் இடமில்லை. அந்த வெற்றிடத்தைக் காமிக்ஸ் நிரப்பியது. காமிக்ஸை வாசித்த பையனுக்கு அந்தச் சதுரம் விண்கலமாகத் தெரிந்தது. இங்கே காமிக்ஸ் விளையாட்டின் விளம்பரம் மட்டுமில்லை, அதன் உரையாசிரியரும்கூட.

இப்படித்தான் 1982இலிருந்து 'அட்டாரி ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஐந்து குட்டிக் காமிக்ஸ்கள் வெளிவந்தன. ஜெர்ரி கான்வேயும் ராய் தாமஸும் எழுதினார்கள். ராஸ் ஆண்ட்ரு, கில் கேன், டிக் ஜியார்டானோ போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் வரைந்தார்கள். இவை கடையில் தனியாக விற்கப்படவில்லை. டிஃபெண்டர், பெர்சர்க், ஸ்டார் ரெய்டர்ஸ், ஃபீனிக்ஸ், கேலக்ஸியன் ஆகிய ஐந்து கேம்களின் பெட்டிக்குள் கார்ட்ரிட்ஜோடு சேர்த்து வைக்கப்பட்டன. 'யார்ஸ் ரிவெஞ்ச்' கேமுக்கும் 1982இல் இதேபோல் ஒரு குட்டிக் காமிக்ஸ் உண்டு. 1984இல் தொடங்கிய பெரிய அளவு 'அட்டாரி ஃபோர்ஸ்' மாத இதழ் வேறு. அது 20 இதழ் வந்து 1985இல் நின்றது. பெயர் ஒன்றாக இருப்பதால் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது. 'அட்டாரி ஃபோர்ஸ் முதல் இதழ்' என்று விளம்பரம் பார்த்தால், எந்த முதல் இதழ் என்று கேட்க வேண்டும்.

இங்கிருந்து தேடலின் முதல் விதி கிடைக்கிறது. பொருள் எந்தப் பெட்டியில் பிறந்ததோ அந்தப் பெட்டியைத் தேடு. காமிக்ஸ் வியாபாரியிடம் குட்டி 'அட்டாரி ஃபோர்ஸ்' இருந்தால் அவர் அதன் விலையைத் தெரிந்து வைத்திருப்பார். பழைய கேம் விற்கிறவர் கார்ட்ரிட்ஜின் விலையை மட்டும் தெரிந்து வைத்திருப்பார். அவருக்கு அந்தக் காமிக்ஸ் 'உள்ளே ஒரு புக்லெட் இருக்கு' என்பதோடு சரி. இரண்டு சந்தைகளுக்கு நடுவே இருக்கும் இந்த அறியாமையின் இடைவெளியில்தான் வேட்டை நடக்கிறது. ஆகவே காமிக்ஸின் பெயரை வைத்து மட்டும் தேடாமல் கேமின் பெயர், 'கையேடு', 'பெட்டியுடன் முழுமையாக' போன்ற சொற்களை வைத்தும் தேடுகிறார்கள் அனுபவஸ்தர்கள்.

இதைவிடச் சுவையான ஒளிவிடம் ஒன்று உண்டு. 1982இல் அட்டாரி 'லிபரேட்டர்' என்றொரு ஆர்க்கேட் கேமை வெளியிட்டது. அதையொட்டிய 16 பக்க 'அட்டாரி ஃபோர்ஸ்' கதை தனி இதழாக வரவில்லை. 1983 ஜனவரி தேதியிட்ட 'நியூ டீன் டைட்டன்ஸ்' 27ஆம் இதழிலும் 'டி.சி. காமிக்ஸ் பிரசென்ட்ஸ்' 53ஆம் இதழிலும் நடுவில் இலவச இணைப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டது. அட்டாரியே வேண்டாம் என்றிருந்த டீன் டைட்டன்ஸ் வாசகரிடம் அது போய்ச் சேர்ந்தது. அட்டாரி சேகரிப்பாளரோ அந்த அட்டைகளை 'நமக்குச் சம்பந்தமில்லாதது' என்று தாண்டிப் போய்விடுவார். மார்வெல் நிறுவனம் 1983இல் ஏழே இதழ் நடத்திய 'பிளிப்' கேம் பத்திரிகையின் கதையும் இப்படித்தான். அதன் முதல் இதழில் மரியோவும் டாங்கி காங்கும் வரும் ஒரு சிறு காமிக்ஸ் இருக்கிறது. அது வெறும் கேம் பத்திரிகையாகக் கருதப்பட்ட காலத்தில் யாரும் சீண்டவில்லை. காமிக்ஸ் வடிவில் மரியோவின் முதல் தோற்றம் என்று பெயர் சூட்டப்பட்ட பிறகு அதே தாளுக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது. தாள் மாறவில்லை, அது நிற்கிற வரிசை மாறியது.

3

இனி அந்த மூலைக் கட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் காமிக்ஸ் நெடுங்காலம் பத்திரிகைக் கடைகள், மருந்துக் கடைகள், பல்பொருள் அங்காடிகள் வழியாகவே விற்கப்பட்டது. விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். முழு இதழைத் திருப்பி அனுப்புவது செலவு என்பதால் அட்டையையோ அதன் மேற்பகுதியையோ கிழித்து அனுப்பினால் போதும் என்ற வழக்கம் இருந்தது. மிச்சம் கூழாக்கப்பட வேண்டும். 1973 வாக்கில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி இதற்கு மாற்றாக ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் பதிப்பகத்திடமிருந்து கூடுதல் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும். ஆனால் விற்காததைத் திருப்பித் தர முடியாது. இதுதான் 'நேரடி விற்பனை'.

ஒரே இதழுக்கு இரண்டு விதிகள் என்றானதும் ஒரு சிக்கல் வந்தது. கூடுதல் தள்ளுபடியில் வாங்கிய பிரதியை யாராவது பத்திரிகைக் கடைக் கணக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டால்? அதனால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. பத்திரிகைக் கடைப் பிரதிக்குப் பார்கோடு. நேரடிக் கடைப் பிரதியில் அந்த இடத்தில் நிறுவன முத்திரை, சின்னப் படம், விளம்பர வாசகம் இப்படி ஏதாவது. சேகரிப்பாளர்கள் இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அந்தக் கட்டம் உண்மையில் ஒரு கணக்குப்பிள்ளையின் அடையாளக்குறி.

பார்கோடு இருந்தாலே அரிது என்று நம்பிவிடக் கூடாது. 1984இல் பத்திரிகைக் கடை விற்பனை இன்னும் உயிரோடிருந்தது. பார்கோடு பிரதிகள் ஏராளம் அச்சாயின. ஆனால் அவை சுழலும் கம்பித் தாங்கியில் செருகப்பட்டு, பத்துக் கை புரட்டி, மடங்கி, கடைசியில் சைக்கிள் கூடையில் வீட்டுக்குப் போனவை. காமிக்ஸ் கடைக்குப் போனது அதைப் பத்திரப்படுத்த விரும்பியவரிடம் போனது. ஆகவே அந்நாளைய பார்கோடு பிரதி எண்ணிக்கையில் அரிதில்லை, நல்ல நிலையில் அரிது. பின்னால் வரவரப் பத்திரிகைக் கடை விற்பனை தேய்ந்ததால் எண்ணிக்கையிலும் அரிதாகிறது. 90களிலிருந்து கடைப் பிரதிகளிலும் பார்கோடு வந்துவிட்டதால், பார்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு எண்ணைப் பார்க்க வேண்டும். பத்திரிகைக் கடைப் பிரதியில் அது இரண்டு இலக்கம். நேரடிக் கடைப் பிரதியில் ஐந்து இலக்கம். ஐந்தில் முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை என்பது, ஐந்தாவது எத்தனையாவது அச்சு என்பது. 00111 என்றிருந்தால் முதல் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00121 என்றால் அதே இதழின் இரண்டாம் அட்டை. இதைத் தெரிந்துகொண்டால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு தடம் கனடா. 1982 இறுதியிலிருந்து சில ஆண்டுகள் டி.சி., மார்வெல் இரண்டுமே கனடாவின் பத்திரிகைக் கடைகளுக்குத் தனி விலை அச்சிட்ட அட்டையோடு இதழ்களை அனுப்பின. இரு நாட்டுப் பணத்தின் மதிப்பு விலகிப்போனதே காரணம். நேரடிக் கடைப் பிரதியில் பெரும்பாலும் பல நாட்டு விலைகள் சேர்ந்தே இருக்கும். கனடாப் பத்திரிகைக் கடைப் பிரதியில் கனடா விலை மட்டும் இருக்கும், அமெரிக்க விலையைவிடச் சில சென்ட் கூடுதலாக. கனடாவின் மக்கள்தொகை அமெரிக்காவுடையதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஆக இந்தப் பிரதிகள் பிறப்பிலேயே குறைவு. மாத இதழ் 'அட்டாரி ஃபோர்ஸ்' வந்த 1984-85 இந்தக் காலத்துக்குள்ளேயே அடங்குகிறது. எனவே விலை அச்சாகியிருக்கும் இடத்தைப் பார்க்காமல் வாங்குவது பாதி வாசித்துவிட்டு மூடி வைப்பதுதான்.

அட்டையில் எதுவும் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் வேற்றுமைகளும் உண்டு. 70கள், 80களின் சில பிரதிகளில் தடித்த தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் நடுவில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். மோதிரம், தவணைமுறை, கடைக்கு எழுத வேண்டிய அட்டை. இவை பெரும்பாலும் ராணுவ முகாம்களின் கடைகளுக்குப் போன பிரதிகள் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். வீட்டை விட்டுத் தூரத்தில் கிடக்கும் இளம் சிப்பாய் காமிக்ஸ் படிக்கிறான், ஊரில் ஒருத்திக்கு மோதிரம் வாங்க நினைக்கிறான் என்பது விளம்பரக்காரரின் ஊகம். கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது மாறிவிட்டது. எனக்கு இதைவிட நல்ல பாடபேதம் கிடைக்காது.

4

தபால் இன்னொரு வழித்தடம். 1992இல் 'மார்ட்டல் காம்பாட்' ஆர்க்கேட் கேம் வந்தபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் டோபியாஸே ஒரு காமிக்ஸ் வரைந்தார். காசு போடாமல் சும்மா நிற்கும் கேம் இயந்திரத்தின் திரையிலேயே 'இந்தக் காமிக்ஸ் வேண்டுமானால் எழுதுங்கள்' என்று விளம்பரம் ஓடியது. தபாலில் பணம் அனுப்பியவருக்கு மட்டும் காமிக்ஸ். கடைக்கு வராததால் கடைக்காரர்களின் பட்டியலுக்கும் எளிதில் வராது. 1994இல் மலிபு நிறுவனம் கடைகளுக்கு வெளியிட்ட 'மார்ட்டல் காம்பாட்' காமிக்ஸ் இதற்குச் சம்பந்தமில்லாத வேறு ஒன்று. அதுதான் இது என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

1990இல் வேலியன்ட் நிறுவனம் நிண்டெண்டோவிடம் உரிமை பெற்று மரியோ, செல்டா, கேப்டன் என், கேம் பாய் என்று காமிக்ஸ்களை இறக்கியபோது குழப்பம் வேறு வகையில் வந்தது. தனித்தனித் தலைப்புகள், தொகுப்பு இதழ், மறு அச்சு என ஒரே கதை பல உடைகளில் திரும்பத் திரும்ப வந்தது. 1991இல் மரியோ இதழ் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. இங்கே அட்டை எண்ணை நம்பக் கூடாது. உள்ளே பொடி எழுத்தில் பதிப்பு விவரம் அச்சிட்டிருக்கும் பத்திதான் சாட்சி. நம் பழைய நூல்களில் 'இரண்டாம் பதிப்பு' என்ற வரியைத் தேடுகிற அதே பழக்கம்.

ஆக, தூரத்திலிருந்து வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை: முன்னட்டை, பின்னட்டை இரண்டின் படம், மூலைக் கட்டமும் விலையும் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படம், பதிப்பு விவரப் பத்தியின் படம், நடுப்பக்கத்தைத் திறந்து, ஊசிகளும் இணைப்பும் தெரிகிற மாதிரி ஒரு படம். பெட்டிக்குள் வந்த குட்டிக் காமிக்ஸ் என்றால் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று எண்ணச் சொல்ல வேண்டும். 'அரிது' என்று விற்பவர் சொல்வதற்கு எந்த மதிப்பும் கொடுக்கத் தேவையில்லை. எந்த வழியாக வந்தது என்று அவரால் சொல்ல முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

5

இதுவரை சொன்னது தொழில்நுணுக்கம். என்னை உண்மையில் தொந்தரவு செய்தது 'ஸ்வார்ட்க்வெஸ்ட்' காமிக்ஸ்.

அட்டாரி 1982இல் நான்கு கேம்களை அறிவித்தது: எர்த்வேர்ல்ட், ஃபயர்வேர்ல்ட், வாட்டர்வேர்ல்ட், ஏர்வேர்ல்ட். ஒவ்வொன்றோடும் ஒரு காமிக்ஸ். ராய் தாமஸ், ஜெர்ரி கான்வே எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. கேமில் சரியான பொருளைச் சரியான அறையில் வைத்தால் திரையில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று காமிக்ஸின் பக்க எண், மற்றது கட்ட எண். அந்தக் கட்டத்தின் ஓவியத்தில், பாறையிலோ சுவரிலோ ஒரு சொல் ஒளிந்திருக்கும். இப்படிக் கிடைக்கும் சொற்களில் சில பொய். எது மெய் என்று அறிய இன்னொரு குறிப்பு. எர்த்வேர்ல்டில் தொடக்க வாசகத்தில் 'பகா', 'எண்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஊதா நிறத்தில் அச்சாகியிருந்தன. பக்க எண் பகா எண்ணாக இருக்கும் சொற்களே மெய். மிஞ்சுவது ஐந்து சொல் வாக்கியம். அதை எழுதி அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பியதில் எர்த்வேர்ல்டுக்குச் சரியான விடை கண்டவர்கள் எட்டுப் பேர். பரிசு 25,000 டாலர் மதிப்புள்ள, பொன்னாலும் மணியாலும் ஆன ஒரு தாயத்து. நான்கு கேம்களையும் வென்றவர்களுக்கிடையே கடைசியில் 50,000 டாலர் வாள்.

1983இல் அமெரிக்க வீடியோ கேம் தொழில் சரிந்தது. மூன்றாவதான வாட்டர்வேர்ல்ட் பெரும்பாலும் அட்டாரி சங்கத்தின் உறுப்பினர்கள் வழியாகக் குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியே வந்தது. அதனால் அதன் காமிக்ஸ் மூன்றிலும் அரிது. நம் பக்கத்துத் தந்திர மரபின் சக்கரங்களை வைத்துக் கட்டப்பட்ட கேம் அதுதான் என்பது ஒரு வேடிக்கை. 1984 ஜூலையில் வார்னர் அட்டாரியின் வீட்டு கேம், கணினிப் பிரிவை விற்றுவிட்டது. ஏர்வேர்ல்ட் வரவேயில்லை. அதன் காமிக்ஸும் வரவில்லை. தொடர்கதை நடுவில் அறுந்து நிற்கிறது.

இங்கே காமிக்ஸ் என்பது எப்படிப்பட்ட பிரதி என்று யோசித்துப் பாருங்கள். வரிசையாக வாசித்தால் அது ஒரு சாதாரண சாகசக் கதை. இயந்திரம் சொல்கிற பக்கத்தைத் திறந்து, சொல்கிற கட்டத்தை உற்றுப்பார்த்து, பென்சிலால் குறித்து, கூட்டிக் கழித்து வாசித்தால் அது வேறொரு பிரதி. வாசகரின் கை படாமல் அது முழுமையடைவதில்லை. 'வாசகர் பங்கேற்கும் பிரதி' என்று நாம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் எழுதித் தள்ளியதை ஒரு பொம்மைக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது.

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசல் விற்பனைகளுக்குப் போகிற பழக்கமுள்ளவன். இந்தக் கட்டுரைக்காக அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் போன் செய்தான்.

"அண்ணே, நீங்க கேட்ட எர்த்வேர்ல்ட் புக்கு ஒண்ணு கிடைச்சுருக்கு. ஆனா வேணாம்னு நினைக்கிறேன்."

"ஏன்டா?"

"உள்ள பூராவும் கிறுக்கி வச்சுருக்கான். பென்சில்ல வட்டம் வட்டமா. அந்தம்மாவே 'என் பையன் பாழாக்கிட்டான்'னு சொல்லி சும்மா தர்றேங்குது."

"பாழாக்கலடா. அதத்தான் வாங்கு."

அது இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் எண் ஜோடிகள். ஓவியங்களில் கண்டுபிடித்த சொற்களைச் சுற்றி வட்டம். கடைசிப் பக்கத்தில், எல்லாச் சொற்களையும் எழுதி, அடித்து, வரிசை மாற்றி மறுபடி எழுதி. மெய்ச்சொற்களும் பொய்ச்சொற்களும் கலந்தே கிடக்கின்றன. அந்தப் பையனுக்கு ஊதா நிறம் கண்ணில் படவேயில்லை. கடைசி வரிசையின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான். அனுப்பியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். எட்டுப் பேரில் ஒருவனாக இருந்திருக்க முடியாது.

2000இல் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற தர நிர்ணய நிறுவனம் தொடங்கியது. காமிக்ஸை அனுப்பினால் பக்கம் எண்ணி, மடிப்பு பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருகிறார்கள். உறையை உடைத்தால் மதிப்பெண் போய்விடும். அந்த அளவுகோலின்படி என்னிடமுள்ள பிரதி கீழ்த்தட்டு. எழுத்து இருந்தால் குறை. யாரும் தொடாத, ஒரு சொல்லும் தேடப்படாத எர்த்வேர்ல்ட்தான் உயர்ந்தது. அதாவது வாசிக்கப்படாததே உச்ச மதிப்பு. வாசிக்கப்படுவதற்கென்றே, அதுவும் பென்சிலோடு வாசிக்கப்படுவதற்கென்றே செய்த ஒரு பொருளில்.

சேகரிப்பாளர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமும் ஆகாது. 'நியூ டீன் டைட்டன்ஸ்' 27இல் அட்டாரி கதை ஒளிந்திருப்பதையும், கனடா விலைப் பிரதிகளை வருஷம் வாரியாகவும் பட்டியலிட்டு வைத்தவர்கள் அவர்கள்தான். பல்கலைக்கழகங்கள் குப்பை என்று ஒதுக்கியதன் விநியோக வரலாற்றை அவர்கள் காசு கொடுத்துக் காப்பாற்றினார்கள். இந்தக் கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுக்க அவர்கள் உழைப்பின் மேல் நிற்கிறது. வால்ட்டர் பெஞ்சமினே ஒரு சேகரிப்பாளர். 1931இல் தன் நூலகத்தைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதியபோது, ஒரு நூல் கடந்துவந்த கைகளும் ஊர்களும் சேகரிப்பாளருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் அவர் சொன்னார். என் வாதமும் இதுவே: வேற்றுப்பிரதியின் மதிப்பு அது கடந்துவந்த வழியில் இருக்கிறது என்றால், அந்த வழி கடைவாசலோடு ஏன் முடிய வேண்டும்? பார்கோடு, 'இது மருந்துக் கடைக்குப் போனது' என்று சொல்கிறது. பென்சில், 'இது ஒரு பையனிடம் போனது' என்று சொல்கிறது. முதல் தடயத்துக்குக் காசு, இரண்டாவதற்கு அபராதம்.

தமிழில் 'அருமை' என்ற சொல் அரிதாக இருப்பதையும் உயர்வாக இருப்பதையும் ஒன்றாகவே சுட்டுகிறது. சந்தையும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் பதிப்பகங்களே அரிதை உற்பத்தி செய்யத் தொடங்கின. 2017இல் டைனமைட் நிறுவனம் 'ஸ்வார்ட்க்வெஸ்ட்' பெயரில் புதிய காமிக்ஸ் கொண்டுவந்தது. அந்தக் கைவிடப்பட்ட போட்டியை நினைவில் சுமந்து நிற்கும் ஒரு மனிதரின் கதை அது, நல்ல கதையும்கூட. ஆனால் இன்றைய வழக்கப்படி அது பல அட்டைகளோடு வந்தது. இன்று ஓர் அட்டை எத்தனைக்கு ஒன்று கிடைக்கும் என்பது அச்சடிக்கும் முன்பே தீர்மானமாகிறது. பார்கோடும் கனடா விலையும் நகை விளம்பரமும் வியாபாரத்தின் தேவையால் தற்செயலாக விழுந்த தடயங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு லாரி, ஒரு கடை, ஒரு சிப்பாய் உண்டு. திட்டமிட்ட அட்டை வேற்றுமைக்குப் பின்னால் இருப்பது ஒரு விகிதாசாரம் மட்டும்.

வாசிக்க வேண்டுமென்றால் வழி இல்லாமலில்லை. 1992இல் 'நிண்டெண்டோ பவர்' பத்திரிகையில் தொடராக வந்து, 1993இல் நூலாகிக் கிடைக்காமல் போன செல்டா, மரியோ காமிக்ஸ்களை விஸ் நிறுவனம் 2015, 2016இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இஷினோமோரி வரைந்த செல்டாவை இன்று யாரும் சாதாரண விலைக்கு வாங்கிப் படிக்கலாம். பழைய நூலைத் தேடுகிறவர்கள் அதற்குப் பிறகும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை. அவர்கள் தேடுவது கதையை இல்லை, ஒரு காலத்தை என்பது அவர்களுக்கே தெரியும்.

தேடுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. மூலைக் கட்டத்தைப் பாருங்கள், விலையைப் பாருங்கள், பதிப்புப் பத்தியைப் பாருங்கள். நடுவில் பென்சில் எழுத்து இருந்தால், அழிரப்பரை எடுப்பதற்கு முன் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நூல் பட்டியலில் 'உள்ளே எழுத்து உண்டு' என்று குறையாக எழுதும் இடத்தில், என்ன எழுத்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் பிரதியில் அந்தப் பையன் கடைசி வரிசைக்குக் கீழே போட்ட இரண்டு கோடும் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கின்றன. தாளின் மறுபக்கத்தில் விரலால் தடவினால் தெரிகிறது.